தரையை மறைக்காதீர், தரையைக் கேளுங்கள்!

சென்ற தீபாவளிக்கு முந்திய மாதம் எங்கள் தோட்டத்து லயத்துக்கு ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே பூப்போட்ட கம்பளங்கள், பளபளக்கும் ரப்பர் பாய்கள், சோபா உறைகள். ரொக்கம் வேண்டியதில்லை, மாதத் தவணை போதும் என்றார் வியாபாரி. பால் எடுத்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த பெண்கள் வேனைச் சூழ்ந்து கொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் பாதி வீடுகளில் கம்பளம் விரிந்துவிட்டது. என் வீட்டிலும் விரிந்தது. பண்டிகைக்கு வீடு அழகாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது குற்றமா? இல்லை. வருடம் முழுவதும் விடியற்காலை இருட்டில் எழுந்து மரத்துக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

தீபாவளி முடிந்த கையோடு லய வீடுகளின் பழுதுபார்ப்புப் பட்டியல் எடுக்கும் வேலை வந்தது. தோட்டக் கிராணி என்ற முறையில் வீடு வீடாகப் போய்க் கூரை, கதவு, சன்னல், தரை, கால்வாய் என்று குறித்து வர வேண்டியவன் நான். வெயில் கடுமையாக இருந்தது. வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். கம்பளம் கிடந்தது. ‘தரை: நன்று’ என்று எழுதினேன். 18 வீடுகளுக்கு அப்படி எழுதினேன். செலவு குறைந்ததில் மானேஜருக்கும் திருப்தி.

பிறகு மழை பிடித்தது. மழை நாளில் பால்வெட்டு ஏது? எல்லாரும் வீட்டுக்குள். ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் 4 வயதுப் பெண் குழந்தைக்கு இளைப்பு வந்து, நெஞ்சுக்கூடு ஏறி இறங்கிற்று. டிரஸ்ஸரை அழைத்துக் கொண்டு நானும் போனேன். அவர் மருந்து கொடுத்துவிட்டு, மூக்கைச் சுளித்தார். “ஈர நாற்றம் அடிக்குதே, அந்தக் கம்பளத்தைத் தூக்குங்க” என்றார். தூக்கினோம். கம்பளத்துக்கு அடியில் பழைய ரப்பர் பாய். பாய்க்கு அடியில் கன்னங்கரேலென்று பூசணம். அதற்கும் அடியில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது சிமெண்டு. வெடிப்பு வழியே தண்ணீர் கசிந்தது.

அந்தத் தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஏங்க கிராணி ஐயா, எங்க வீட்டுத் தரை நல்லா இருக்குன்னு நீங்கதானே எழுதிக்கிட்டுப் போனீங்க?” என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன்.

கம்பளத்தில் குடியிருப்பது யார்?

வீட்டுக்குக் கம்பளம் நல்லதா, வெறுந்தரை நல்லதா என்பதைப் பலர் அலங்கார விஷயமாக நினைக்கிறார்கள். பணக்கார வீட்டில் அது அலங்கார விஷயமாக இருக்கலாம். நம் லயத்தில் அது சுகாதார விஷயம். அதற்கும் மேலாக, அது உரிமை விஷயம்.

வீட்டுத் தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள் வாழ்கின்றன. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் பொடிதான் அவற்றின் உணவு. ஆஸ்துமாவுக்கும் இந்த உண்ணிகளுக்கும் உள்ள தொடர்பை ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1960-களில் எடுத்துக் காட்டினார்கள். இவை தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சியே பிழைக்கின்றன. காற்று நன்கு உலர்ந்தால் செத்துப் போகும். நம் நாட்டுக் காற்றோ ஆண்டு முழுவதும் ஈரம் சொட்டும் காற்று. மெத்தையும் தலையணையும் கம்பளமும் இவற்றுக்குச் சொந்த வீடு மாதிரி. துணியாக இருந்தால் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடலாம். அறை முழுவதும் விரித்த கம்பளத்தை எப்படித் துவைப்பது? எங்கே காயப் போடுவது?

இதோடு தோட்டத்துக்கே உரிய இன்னொரு தொல்லையும் இருக்கிறது. மருந்து அடிக்கும் தொழிலாளியின் காலணியிலும் கால்சட்டையிலும் ஒட்டிக்கொண்டு களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் வீட்டுக்குள் வருகின்றன. வெளியே விழுந்த மருந்தை வெயிலும் மழையும் மண்ணில் உள்ள நுண்ணுயிர்களும் நாளாவட்டத்தில் சிதைத்துவிடும். கம்பள நூலுக்குள் புகுந்ததற்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அது நெடுநாள் அங்கேயே கிடக்கும். அந்தக் கம்பளத்தில் தவழ்ந்து, கையை வாயில் வைப்பது யார்? நம் குழந்தை. பேராகுவாட் மருந்துக்கு 2002-இல் தடை அறிவித்தார்கள், 2006-இல் அதைத் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. ஒரு மருந்து போனாலும் வேறு மருந்து வருகிறது. வீட்டு வாசலில் காலணியைக் கழற்றுவது நம் பழைய வழக்கம். மருந்து அடித்த உடுப்பையும் வாசலிலேயே கழற்றி, மற்ற துணிகளோடு கலக்காமல் தனியே துவைக்க வேண்டும்.

“கம்பளம் தூசியைப் பிடித்து வைத்துக் கொள்ளும், அதனால் காற்று சுத்தமாக இருக்கும்” என்று விற்பவர்கள் சொல்வார்கள். பிடித்து வைக்கிறது என்பது மெய்தான். தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வாரம் இரு முறை ஓட்டும் வீட்டில் அந்தப் பேச்சு ஓரளவு செல்லும். துடைப்பமும் வாளியும் மட்டும் உள்ள வீட்டில், பிடித்து வைத்ததை வெளியே எடுப்பது எப்படி? சிமெண்டுத் தரையையோ ஓட்டுத் தரையையோ ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் தூசி வாளித் தண்ணீரோடு வெளியே போய்விடும். அதற்கு ஆகும் செலவு ஒரு பழந்துணி.

தாய்மார் சொல்வதிலும் நியாயம் உண்டு

நான் லயத்தில் இதைப் பேசியபோது வயதான ஓர் அம்மா மறுத்தார். “சிமெண்டுத் தரை காலைக் கடிக்குது தம்பி. விடியக்காலையிலே குளிர் முழங்காலுக்கு ஏறுது. பிள்ளை விழுந்தா மண்டை உடையுது. சொகுசுக்கா விரிச்சோம்?” என்றார். அவர் சொல்வது சரியே. ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியவர்கள் எந்த லயத்தில் இல்லை?

ஆகவே எதையுமே விரிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எடுத்து உதறக் கூடியதை விரியுங்கள் என்கிறேன். நம் பாட்டிமார் பாய் விரித்தார்கள், காலையில் சுருட்டினார்கள், வெயிலில் போட்டார்கள். அதில் வைத்தியம் இருந்தது. பாயோ, பருத்திச் சமுக்காளமோ, ஒருவர் தூக்கக் கூடிய சிறு விரிப்போ இருக்கட்டும். வாரம் ஒரு முறை வெயிலைக் காணட்டும். சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றும் இடத்தில் மட்டும் எந்த விரிப்பும் வேண்டாம். செயற்கை நூல் கம்பளத்தில் ஒரு திரி விழுந்தால் உருகி எரியும்.

ரப்பர் இல்லாத ரப்பர் பாய்

கடைக்காரர் ‘திக்கார் கெத்தா’ என்கிறார். நாமும் ரப்பர் பாய் என்கிறோம். தோழர்களே, அந்தப் பாயில் நீங்கள் வெட்டிய மரத்துப் பால் ஒரு சொட்டும் இல்லை. அது பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். கெட்டியான அந்தப் பிளாஸ்டிக்கை வளையும்படி செய்வதற்கு எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டு வந்தவை தாலேட்டு வகைப் பொருள்கள். அவை பிளாஸ்டிக்கோடு இறுகிப் பிணைவதில்லை. சிறிது சிறிதாக வெளியேறித் தூசியில் ஒட்டிக் கொள்கின்றன. குழந்தைகள் வாயில் வைக்கும் விளையாட்டுப் பொருள்களில் இவற்றில் சிலவற்றை ஐரோப்பிய நாடுகள் 1999-இல் தற்காலிகமாகவும் 2005-இல் நிரந்தரமாகவும் கட்டுப்படுத்தின.

பாயைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கம்பளத்தைவிட ரப்பர் பாய் துடைக்க எளிது. நல்ல, உலர்ந்த தரையின்மேல் விரித்தால் அதனால் பெரிய தொல்லை இல்லை. புதுப் பாயை வாங்கினால் வெளித் திண்ணையில் சில நாள் பிரித்துப் போட்டு, வாடை போன பிறகு உள்ளே கொண்டு வாருங்கள். ஈரத்தரையின்மேல் மட்டும் விரிக்காதீர்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் பாயைத் தாண்டி மேலே வர முடியாது. அடியிலேயே தங்கிப் பூசணமாகும். கிழிந்த பாயை லயத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தாதீர்கள். பி.வி.சி. எரியும் புகையில் நெஞ்சை அரிக்கும் அமில வாயு இருக்கிறது. குப்பை வண்டியில் போடுங்கள்.

மூடியே வைக்க வேண்டிய தரையும் உண்டு

இவ்வளவு சொன்ன நான் ஓர் இடத்தில் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 9 அங்குலச் சதுரத்தில் ஒட்டிய பழைய வினைல் ஓடுகளில் அஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கக் கூடும். பல நாடுகளில் 1980-கள் வரை அத்தகைய ஓடுகள் தயாராயின. ஒட்டுவதற்குப் பூசிய கறுப்புப் பசையிலும் அந்த நார் இருக்கலாம். பழைய அலுவலகத்திலோ ஊழியர் வீட்டிலோ இவ்வகை ஓடு இருந்தால் அதை உளியால் பெயர்க்காதீர்கள், தேய்க்காதீர்கள். முழுசாக இருக்கும் ஓடு தீங்கு செய்யாது. உடைத்துப் பொடியாக்கினால்தான் நார் காற்றில் பறக்கும். அதை அப்படியே விட்டு மேலே மூடுவதுதான் பத்திரம். அகற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வேலை தெரிந்தவர்களைக் கொண்டு நிர்வாகம் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நாமே செய்கிற வேலை அல்ல அது.

பழைய அஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளுக்கும் இதே நியாயம். எல்லா வகை அஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நார் மூச்சில் புகுந்து 20, 30, 40 ஆண்டுகள் கழித்தே நோய் வெளிப்படுகிறது. தகடு உடைந்து பொடி உதிர்ந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். நீர் தெளித்து, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். உடனே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

ஆகவே கேள்வி மூடுவதா, மூடாதிருப்பதா என்பது அல்ல. அடியில் இருப்பது என்ன என்று தெரிந்து கொண்டு மூடுகிறோமா, தெரியாமல் மூடுகிறோமா என்பதே கேள்வி.

வாஷிங்டனில் ஒரு சங்கம்

கம்பளத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் சுற்றுச்சூழலைக் காக்கவென்றே ஓர் அரசாங்க நிலையம் இருக்கிறது. 1987, 1988 ஆண்டுகளில் வாஷிங்டனில் உள்ள அதன் தலைமை அலுவலகத்திலேயே புதுக் கம்பளம் விரித்தார்கள். ஊழியர் பலருக்குக் கண் எரிச்சல், தலைவலி, மூச்சுத் தொல்லை. ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்லும் அலுவலகத்தில் இருந்தவர்களே நோயாளிகள் ஆனார்கள். புதுக் கம்பளத்தின் வாடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட ஒரு வேதிப்பொருள், கம்பளத்தின் முதுகில் பூசும் செயற்கை ரப்பர் பாலிலிருந்து வருவது. ஆம், நம் மரத்துப் பாலுக்குப் போட்டியாக வந்த அதே செயற்கை ரப்பர்தான்.

அங்கே ஊழியர் சங்கம் சும்மா இருக்கவில்லை. யாருக்கு எந்த அறையில் என்ன நோவு என்று எழுதி வைத்தது. கம்பளத்திலிருந்து வெளிவரும் வாயுக்களுக்கு வரம்பு வேண்டும் என்று 1990-இல் அந்த நிலையத்திடமே மனுக் கொடுத்தது. மனு ஏற்கப்படவில்லை. ஆனாலும் கம்பளக் கம்பெனிகளும் அரசாங்கமும் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. 1992 முதல் கம்பளக் கம்பெனிகளின் சங்கமே தன் சரக்கைச் சோதித்துச் சீட்டு ஒட்டத் தொடங்கியது. மனு தோற்றாலும் பேச்சு நடந்தது; பேச்சில் ஒரு படி ஏறினார்கள். படித்த அலுவலர்கள் தங்கள் காலடித் தரைக்காகச் சங்கத்தில் கூடினார்கள் என்றால், நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது?

லயம் யாருடையது? தோட்டத்துடையது. அதன் தரை யாருடையது? அதுவும் தோட்டத்துடையது. தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரம் பற்றி 1966-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்தது 1990-ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446. தொழிலாளர் குடியிருக்கும் வீட்டை நல்ல நிலையில் பழுது பார்த்து வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது அது. லயத்தை வாரந்தோறும் சோதனை பார்க்க வேண்டும், பார்த்ததைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு வெளியே உள்ள தொழில்களுக்கும் இச்சட்டம் விரிந்தது. தோட்டத் தொழிலாளி போராடிப் பெற்ற நியாயம் இன்று தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் நிழல் தருகிறது.

ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு மூச்சு நோய்களும் ஆஸ்துமாவும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. ஆகையால் வெடித்த தரை அழகுக் குறை அல்ல, நோய்க்கு வாசல். இதைச் சொல்லிக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. ஆனால் சோதனைக்கு வருகிறவர் கண்ணில் படாதபடி தவணைக் கம்பளத்தால் மூடிவிட்டால் எதைக் காட்டிக் கேட்பது? முதலாளி செய்ய வேண்டிய செலவை நம் சம்பளத்தில் தவணை கட்டி நாமே மறைக்கிறோம். பழுது ஆண்டுக்கு ஆண்டு அடியில் வளர்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், இந்த வாரமே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் மண்ணிலிருந்து வருகிறதா என்று சந்தேகமாக இருந்தால், தரையைத் துடைத்து உலர விட்டு, ஓரடிக்கு ஓரடி தெளிவான பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு ஓரமும் இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடிப்புறம் வியர்த்திருந்தால் ஈரம் தரைக்குள்ளிருந்து வருகிறது. அந்த ஈரம் விரிப்பாலோ பெயிண்டாலோ தீராது. சுற்றுக் கால்வாயைத் தோண்டித் தண்ணீர் ஓடச் செய்ய வேண்டும். தரையில் ஈரத்தடுப்பு போட்டு மேலே நல்ல சிமெண்டு பூச வேண்டும். முடிந்தால் வழுக்காத ஓடு பதிக்க வேண்டும்.

இரண்டாவது, வாரச் சோதனை வரும் நாளில் விரிப்பைச் சுருட்டி வையுங்கள். வெடிப்பைக் காட்டுங்கள். அது பதிவாகிறதா என்று கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

மூன்றாவது, தனித்தனியே போய் முறையிடாதீர்கள். கிளைச் சங்கத்தின் வழியாக வீட்டு எண், பழுது, தேதி மூன்றையும் எழுதிக் கொடுங்கள். பங்களாதேஷ், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து வந்த தோழர்கள் தங்கும் விடுதியையும் பட்டியலில் சேருங்கள். ஈரத்தரை யார் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை.

நான்காவது, என்னைப் போன்ற கிராணிகளுக்கு ஒரு சொல். சக ஊழியர்களே, வாசலில் நின்று எழுதாதீர்கள். உள்ளே போங்கள். அனுமதி கேட்டு விரிப்பைத் தூக்குங்கள். நாம் எழுதும் ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் மூச்சு இருக்கிறது. மானேஜருக்குச் செலவு குறைத்துக் காட்டுவது நம் உத்தியோகம் அல்ல. உள்ளதை உள்ளபடி எழுதுவதே உத்தியோகம்.

நான் அந்த 18 வீடுகளுக்கும் மறுபடி போனேன். விரிப்புகளைத் தூக்கிப் பார்த்துப் புதுப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். “முன்பு நன்று என்று எழுதியவரும் நீர்தானே?” என்று கேட்டார் மானேஜர். ஆம் என்றேன். “பிழை என்னுடையது, தரை தோட்டத்துடையது” என்றேன். கிளைச் சங்கமும் கடிதம் கொடுத்தது. இதுவரை 6 வீடுகளுக்குக் கால்வாய் சீர் செய்து புதுத் தரை போட்டிருக்கிறார்கள். இன்னும் 12 வீடுகள் இருக்கின்றன. அந்தக் குழந்தையின் இளைப்பு அடியோடு நின்றது என்று எழுத ஆசைதான். முன்னைவிடக் குறைந்திருக்கிறது என்று தாய் சொல்கிறார். அதுவே உண்மை, அதையே எழுதுகிறேன்.

என் வீட்டுக் கம்பளத்துக்கு இன்னும் 5 மாதத் தவணை பாக்கி. அது சுருட்டியபடி பரண்மேல் கிடக்கிறது. அடுத்த தீபாவளிக்கும் அந்த வேன் வரும். வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம். ஆனால் தோழர்களே, கம்பளத்துக்குப் பணம் எண்ணுவதற்கு முன்னால் ஒரு முறை குனிந்து தரையைப் பாருங்கள். வெடித்திருந்தால் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து கேட்போம்.